கட்டில் திரும்பியது, டெபாசிட் திரும்பவில்லை

எங்கள் சங்கத்தின் மொத்தச் சொத்தும் மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையின் பின்புறம் இருந்த தகரக் கொட்டகைக்குள் அடங்கிவிடும். தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில்கள், வீல்சேர்கள், வாக்கர்கள், படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தைகள். வீட்டில் ஒருவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாலோ, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டாலோ எங்களைத் தேடி வருவார்கள். வாடகை கிடையாது. ஒரு டெபாசிட் மட்டும் வாங்கிக்கொள்வோம். பொருள் திரும்பி வந்தால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுப்போம். பதினெட்டு வருடங்களாக இதுதான் முறை.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரர் தலைவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து கடை போட்டவர், தெருவுக்கே அண்ணாச்சி. ராயப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய், பழுது பார்ப்பவர். அவரிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று உண்டு. கட்டிலைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதும் பிறகு கழற்றி எடுத்து வருவதும் அவர்தான். கணக்கு என் பொறுப்பு. நான் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் ரெக்கார்டு பிரிவில் முப்பது வருடம் இருந்தவள். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் தேதி எங்கே என்று தேடுவேன்.

பொருள் நோட்டில் ஏழு கட்டங்கள். வரிசை எண், தேதி, பெயரும் விலாசமும், பொருள், டெபாசிட், பொருள் திரும்பிய தேதி, டெபாசிட் திருப்பிய தேதி. எட்டாவதாக ‘குறிப்பு’ என்று ஒரு கட்டத்தை நானே கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டேன். பழைய வியாபாரிகள் எழுதிவைத்த தினசரிகளைப் படிப்பதில் எனக்கு ஆசை அதிகம். சரக்குக் கணக்குக்கு நடுவே அன்றைக்கு அடித்த காற்றையும் ஊரில் நடந்ததையும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ‘அறுபத்துமூவர் அன்று. மாட வீதிக்குள் வண்டி விடவில்லை. கட்டிலைக் கழற்றி நால்வர் சுமந்தோம்.’ ‘வேளச்சேரி. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள். படிக்கட்டு முழுக்கச் சேறு.’ ‘பாண்டி பஜார் பின்தெரு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பெரியவர் வாக்கரைப் பிடித்து வாசல்வரை வந்து வாணம் பார்த்தார்.’

அண்ணாச்சி நோட்டைப் புரட்டும்போதெல்லாம் கிண்டல் செய்வார். “ஏம்மா, கணக்கு நோட்டுல மழைக்கு என்ன வேலை? மழையா வந்து டெபாசிட் கட்டிச்சு?”

இடம் குறைவு என்று ஒருமுறை அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். நான் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டேன். கட்டத்தை எடுக்கவில்லை.

கதை ஆரம்பிப்பது மார்கழி முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை. அதற்குப் பத்து நாள் முன்பு மருந்துக்கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அதை அடுக்குமாடி கட்டுபவர்களிடம் கொடுத்துவிட்டார். மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அண்ணாச்சிக்கு வேறு இடத்தில் கடை இருந்தது, கொட்டகை இல்லை. தேடி அலைந்ததில் அடையாற்றில் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான தரைத்தளக் கூடம் அமைந்தது. வாசலில் சரிவுப் பாதை, வண்டி நிறுத்த இடம், பேருக்கு ஒரு வாடகை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆடிட்டர் சான்றளித்த பேலன்ஸ் ஷீட் வேண்டும், அதில் கடன் சொத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது. திவாலாகப் போகிற சங்கத்தை உள்ளே விட்டுவிட்டு நாளைக்கு யார் வழக்குக்கு அலைவது என்று அவர்கள் யோசித்தது நியாயம்தான்.

அதுவரை நாங்கள் பேலன்ஸ் ஷீட் போட்டதே இல்லை. வருடத்துக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு, அதில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இப்போது அண்ணாச்சியின் வாடிக்கையாளர் ஒருவரின் மகளைப் பிடித்தோம். ஆடிட்டர் ஆகி மூன்று வருடம். கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் திங்கட்கிழமை கொட்டகையில் ஒரு வீல்சேரிலேயே உட்கார்ந்து பதினெட்டு வருட நோட்டுகளையும் பார்த்தாள். மாலை நாலரை மணிக்கு ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“மேம், கட்டில் திரும்பி வந்த தேதி இருக்கு. டெபாசிட் திருப்பிக் குடுத்த தேதி ஏன் காலியா இருக்கு?”

“அவங்க வாங்கிக்கல.”

“சங்கத்துக்கே குடுத்துட்டாங்களா?”

“ஆமா.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

பாய்தான் சொன்னார். “சாவு வூட்ல போய் கையெழுத்து கேக்க சொல்றியாமா?”

உண்மை அதுதான். எங்களிடம் கட்டில் வாங்குகிற வீடுகளில் பாதிக்கு மேல் அது திரும்பி வருவது ஒரு மரணத்துக்குப் பிறகு. காரியம் முடியும் முன்பே கட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடச் சொல்வார்கள். அந்த வெற்றிடத்தையும் கட்டிலையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் பாய் கட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவார். சிலர் வாசல்வரை வந்து, பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சிலர் எதுவும் சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்க மாட்டோம். அந்தப் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே தங்கி, அடுத்த வருடம் புதுக் கட்டிலாகவோ பழைய சக்கரத்துக்கு ரப்பராகவோ மாறிவிடும். எங்கள் பண்பாடு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அது.

ஆடிட்டர் கணக்கைக் கூட்டிச் சொன்னாள். நாங்கள் திருப்பித் தர வேண்டிய டெபாசிட் ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அதில் இப்போது வீடுகளில் இருக்கும் அறுபத்தொரு பொருள்களுக்கானது போக, திரும்பிவிட்ட பொருள்களுக்கான பழைய டெபாசிட் மட்டும் முந்நூற்று இருபத்தேழு பேருடையது, நான்கு லட்சத்து நாலாயிரம். எங்களிடம் இருப்பது வங்கியில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம், கட்டில்களுக்குத் தேய்மானம் போக மதிப்பு தொண்ணூறாயிரம். பள்ளம் இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு.

“இவங்க எல்லாரும் நாளைக்கு ரசீதோட வந்து நின்னா என்ன பண்ணுவீங்க, மேம்?”

வரவு செலவுக் கணக்கில் டெபாசிட் வந்தால் வரவு, திருப்பினால் செலவு. திருப்பாமல் விட்டதற்கு அதில் இடமே இல்லை. ஆனால் என் நோட்டில் இருந்தது. பதினெட்டு வருடமாக அந்தக் காலிக் கட்டத்துக்கு என் கையால்தான் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மற்றவர்களின் பணத்தைச் செலவழித்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அன்று குறிப்புக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

வழி ஒன்று இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் டெபாசிட் கட்டியவர்கள் அதைச் சங்கத்துக்கே நன்கொடையாகத் தருவதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அந்தத் தொகையைக் கடனிலிருந்து எடுத்துவிடலாம். பணம் திரும்ப வேண்டும் என்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம், அதனால் பள்ளம் கூடாது, குறையாது. ஆக, இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறுக்குக் கடிதம் வந்தால் அடையாறு. வராவிட்டால் வீடுகளில் இருக்கும் அறுபத்தொரு பொருளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்போது, யாருக்காவது கொடுத்துவிட்டுச் சங்கத்தைக் கலைக்க வேண்டியதுதான்.

ஆடிட்டர் ஒரு கடிதம் தயாரித்தாள். தங்கள் பெயரில் எங்கள் ஏடுகளில் நிலுவையாக உள்ள தொகையை உறுதிசெய்து, நன்கொடையாகத் தருவதாயின் கையொப்பமிட்டு அனுப்பவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே சங்கத்தின் முத்திரை. தை பிறக்கும் முன் எல்லாவற்றையும் தபாலில் போட்டோம். இரண்டு வாரத்தில் நாற்பதுக்கு மேல் ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பின. மற்றவர்களிடமிருந்து பதில் வந்தது, தொலைபேசியில். பெரும்பாலோர் நிலுவையைக் குறித்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்து நாங்கள் அவர்களிடம் பணம் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். கட்டிலைத் திருப்பிக் கொடுத்து எட்டு வருடம் ஆயிற்றே, ஏதாவது உடைந்திருந்ததா என்று ஒருவர் பதறினார். ஓர் அம்மாள் வக்கீலிடம் காட்டப் போவதாகச் சொன்னார். கையெழுத்தோடு வந்தவை ஒன்பது. தொகை பத்தாயிரத்து ஐந்நூறு.

அண்ணாச்சி அன்று முதல்முறையாகச் சங்கத்தைக் கலைப்பது பற்றிப் பேசினார். குரலை உயர்த்தாமல், கட்டில்களை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னார். நான் பட்டியல் போட நோட்டை எடுத்தேன். எந்தக் கட்டில் எப்போது வாங்கியது என்று பார்த்துக்கொண்டே வந்தபோது அந்த அறுபத்துமூவர் நாள் குறிப்பில் கண் நின்றது. கட்டிலைச் சுமந்த நால்வரில் ஒருத்தி நான். அறுபத்துமூன்று நாயன்மார் ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியதும், யாரோ ஒருவர் எங்களையும் ஊர்வலத்தில் சேர்ந்தவர்கள் என்று நினைத்துக் கையில் மோர் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. எனக்கே இவ்வளவு நினைவிருந்தால் அந்த வீட்டாருக்கு எவ்வளவு இருக்கும்.

அன்று மாலையே அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையால், தமிழில். ‘அறுபத்துமூவர் அன்று உங்கள் வீட்டுக்குக் கட்டில் கொண்டுவந்தோம். வண்டி வராததால் தோளில் சுமந்து வந்தோம். அதற்காக நீங்கள் கட்டிய ஆயிரம் ரூபாய் இன்றுவரை எங்களிடம் இருக்கிறது. அது உங்கள் பணம். வேண்டுமென்றால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம். சங்கத்துக்குத் தருவதாக இருந்தால் இத்துடன் உள்ள அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.’ ஸ்டாம்ப் ஒட்டிய அட்டை ஒன்றை உள்ளே வைத்தேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. அட்டையில் கையெழுத்து மட்டும் இல்லை, இண்டு இடுக்கு விடாமல் எழுத்து. ‘அன்னிக்கு எங்காத்துக்கு சுவாமி வந்த மாதிரி அந்தக் கட்டில் வந்துதுன்னு அவர் கடைசிவரைக்கும் சொல்லிண்டிருந்தார். பணம் உங்களோடதுதான். இத்தனை நாளா அதை எங்க பேர்லயே வெச்சிண்டிருந்தேளா?’

அதற்குப் பிறகு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கடிதம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். காலையில் எட்டு, சாயங்காலம் நாலு. ஒவ்வொன்றிலும் முதல் வரி அந்த வீட்டின் குறிப்பு. குறிப்பு எழுதாமல் விட்ட நாட்கள் சில இருந்தன. அவற்றுக்கு நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி அன்றைக்கு மழையா வெயிலா என்று பார்த்து எழுதினேன். அண்ணாச்சி முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் கவர்களுக்கு விலாசம் எழுத உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், “இவருக்கு மழை இல்லியா? மழை போட்டாத்தான் பதில் வருது,” என்றார்.

அட்டைகள் வந்தன. காரணீஸ்வரர் கோயில் தெருவிலிருந்து, வெங்கட்நாராயணா சாலையிலிருந்து, மகளோடு திருவான்மியூருக்குக் குடிபோய்விட்ட ஒருவரிடமிருந்து. வாணம் பார்த்த பெரியவர் இப்போதும் நடமாடுகிறார் என்று அவர் மருமகள் எழுதியிருந்தாள். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டில் வந்த நேரம் தவறு, காலை அல்ல மதியம் என்று திருத்தியிருந்தார். அதை நோட்டில் சிவப்பு மையில் திருத்திக்கொண்டேன். பிப்ரவரி முடியும்போது ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். மார்ச் முதல் வாரம் முடிய இரண்டு லட்சத்துப் பதினோராயிரம். இன்னும் வேண்டியது இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு.

மீதியிருந்தவர்களில் பலர் வீடு மாறியவர்கள். பாய் குட்டியானையில் என்னை ஏற்றிக்கொண்டு பழைய விலாசங்களுக்குப் போனார். பக்கத்து வீடு, இஸ்திரி வண்டி, மளிகைக் கடை என்று விசாரித்து எங்கே போனார்கள் என்று கண்டுபிடித்தோம். அப்படித்தான் மந்தைவெளியில் காலையில் இட்லிக் கடை போடும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். ஆறு வருடத்துக்கு முன் அவள் கணவனுக்குக் கட்டில் கொடுத்திருந்தோம். டெபாசிட் ஆயிரத்து ஐந்நூறு. ‘மண்ணெண்ணெய் ஸ்டவ் ஓரமாகக் கட்டில் போட இடமில்லை, ஸ்டவ்வை வெளியே வைத்தார்கள்’ என்று நோட்டில் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன்.

அவள் இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பாயைப் பார்த்தாள். “நீதான வந்து கட்டில எத்துக்கினு போன?”

“ஆமாம்மா.”

“பணம் தருவன்னு வாசல்லயே நின்னுங்கினு இருந்தேன். நீ பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாம வண்டிய எடுத்துக்கினு போய்ட்ட. அத்த வெச்சுத்தான் காரியம் பண்ணலாம்னு இருந்தேன். அப்பால எப்டி வந்து கேக்கறது? வட்டிக்கு வாங்கினேன்.”

சொல்லாமல் வருவது மரியாதை என்று பாய் பதினெட்டு வருடமாகச் செய்தது அது. அட்டையை நான் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஆயிரத்து ஐந்நூறை எண்ணி அவள் கையில் கொடுத்தேன். அவள் மறுபடி ஒருமுறை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, “குந்துங்க, ரெண்டு இட்லி துன்ட்டு போங்க,” என்றாள். சாப்பிட்டோம். கிளம்பும்போது பாய் அவள் எதிரில் போய் நின்றார். “போய்ட்டு வரேம்மா,” என்றார். ஆறு வருடம் தள்ளிச் சொன்னாலும் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் லஸ் முனை சிக்னலில் நின்றபோது, “இன்னும் எத்தினி வூட்ல இதுமாரி வுட்டுட்டு வந்தனோ தெர்லயே, அக்கா,” என்றார். அந்த வாரம் அவர் தன் வேலையை விட்டுவிட்டுத் தினமும் வந்தார். நாங்கள் தேடிப் போனவர்களில் பணம் வேண்டும் என்றவர்கள் எல்லோருக்கும் அன்றன்றே கொடுத்தோம். கொடுக்கக் கொடுக்க எனக்கு மனம் லேசானது. பள்ளத்தை அது ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்று தெரிந்தும்.

மார்ச் மூன்றாவது புதன்கிழமை காலை, தபால்காரர் ஏழு அட்டைகள் கொண்டுவந்தார். முந்தின நாள் வரை வந்த மொத்தம் இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரம். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தொகையைப் படிக்க, நான் கூட்டிக்கொண்டே வந்தேன். ஆறாவது அட்டையோடு இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏழாவது அட்டையை அண்ணாச்சி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு திருப்பினார். ஐந்நூறு ரூபாய். வரிசை எண் நான்கு, சங்கம் ஆரம்பித்த முதல் மாதத்தில் வாங்கிப் போன வாக்கர். முதல் நோட்டு, முதல் பக்கம்.

“என்ன குறிப்பு போட்டிருந்தே இவருக்கு?” என்று கேட்டார்.

நோட்டை எடுத்துப் படித்தேன். ‘நல்ல மழை. அண்ணாச்சி குடை பிடித்தார்.’

அவர் எழுந்து கடைப்பக்கம் போனார். ஐந்து நிமிடம் கழித்து எதிர்க்கடையிலிருந்து எல்லோருக்கும் காபியும் போண்டாவும் வந்தன. அதோடு ஒரு புது நோட்டு, அகலமான குறிப்புக் கட்டத்தோடு அச்சகத்தில் கோடு போடக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவும்.

மாதம் முடியும்வரை அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் இருநூற்று நாற்பத்தொரு பேர் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார்கள், மூன்று லட்சத்துப் பதினோராயிரம். இருபத்துமூன்று பேருக்கு இருபத்தேழாயிரத்து ஐந்நூறு திருப்பிக் கொடுத்தோம். கடன் போகச் சொத்தில் எழுபத்துநாலாயிரத்து ஐந்நூறு மிஞ்சியது. சித்திரையில் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேலன்ஸ் ஷீட்டைத் தானே அடையாற்றுக்கு எடுத்துப் போனாள். சாவியோடு திரும்பினாள். பாய் குட்டியானையில் ஒன்பது நடையாகக் கட்டில்களைக் கொண்டுபோனார். அந்த ஒன்பது நடையின் நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் முறையிலும் ஒன்று மாறியது. கட்டில் கொடுக்கும்போதே டெபாசிட் திரும்ப வேண்டுமா என்று கேட்க முடியாது, அது அபசகுனம். எடுத்து வரும்போதும் கேட்க முடியாது. ஆகவே ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதமும் அட்டையும் போகும். பதில் வராவிட்டால் பணத்தோடு பாய் போவார். போய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் வருவார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. எவ்வளவு தேடியும் கிடைக்காதவர்கள். கணக்கை முடித்த அன்று அவர்களை எண்ணிய ஆடிட்டர், அறுபத்துமூன்று பேர் என்றாள். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். “மயிலாப்பூர்க் கணக்குல வேற எந்த எண் வரும்?” அவர்களுடைய அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூறையும் தனி வைப்பு நிதியாகப் போட்டுத் தொடாமல் வைத்திருக்கிறோம். அடையாறு கூடத்தின் சுவரில் அந்தப் பட்டியல் தொங்குகிறது. பெயர், தேதி, குறிப்பு. வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள்.

போன ஆவணியில் காற்று மெத்தை வாங்க வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, பன்னிரண்டாவது பெயர் தன் சித்தப்பா என்றார். இந்த வருடம் பங்குனித் திருவிழா சமயத்தில் நந்தனத்திலிருந்து இன்னொருவர் கிடைத்தார். பாய் பணத்தோடு போய்விட்டு வந்தார். நான் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டுத் தேதி போட்டேன். இப்போது அறுபத்தொன்று.